காந்தப் புயலை அளந்தவர்கள்

1845ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7ஆம் நாள் ஹப்புத்தளையில் இடியும் மின்னலும் கூடிய கடும் புயலொன்று வீசிற்று. பதுளை மாவட்டத்தின் நிருவாகியாகவும் நீதிபதியாகவும் விளங்கிய மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பார் அன்று அவ்வூர்த் தங்குமனையில் இருந்தார். அங்கே மின்னல் தாக்கி அவர் மாண்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பெயர் பெற்றிருந்த அம்மனிதரை வானம் ஒரு கணப்பொழுதில் வீழ்த்திவிட்டது. பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுப்பப்பட்டதேயாம்.

ஊவா மலைநாட்டார் இத்தகைய புயல்களை நன்கறிவர். நமுனுகுல மலையுச்சியிற் கருமுகில் திரள்வதைக் கண்டதும் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கிடம் தேடுவது தோட்டத்துப் பெண்களின் வழக்கம். ஆயின், இடியின்றி, மின்னலின்றி, ஒரு துளி மழையுமின்றி, அதே மலைகளின் மேல் அடித்து ஓயும் வேறொரு புயலும் உண்டு. அதனைக் கண் காணாது, காது கேளாது, உடல் உணராது. அதனைக் காந்தப் புயல் என்பர். அது பிறக்குமிடம் பதினைந்து கோடிக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சூரியன். இப்புயலை மனிதன் எவ்வாறு அறிந்துகொண்டான் என்பதும், அவ்வறிவிற்கு நமது தென்னாசிய நிலங்கள் அளித்த பங்கு யாது என்பதும் நாம் தெரிந்துகொள்ளத் தக்கவை.

முதலிற் பூமியின் காந்தத்தைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். பூமியின் ஆழத்திலே உருகிய நிலையிலுள்ள இரும்புக் குழம்பு ஓயாது சுழன்று கொண்டிருக்கின்றது. அவ்வோட்டத்தால் மின்னோட்டமும், மின்னோட்டத்தாற் காந்தமும் உண்டாகின்றன. நூலிற் கட்டித் தொங்கவிட்ட காந்த ஊசி வட துருவத்தை அண்டிய நாடுகளிலே தலைகீழாகக் குத்திட்டு நிற்கும். தெற்கு நோக்கி வர வர அது நிமிர்ந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் தராசுக் கோல் போலக் கிடையாக நிற்கும். அவ்விடங்களைத் தொடுத்து வரையும் கோடே காந்த மத்திய கோடு. இக்கோடு இந்தியாவின் தென்முனையையும் இலங்கையின் வடபகுதியையும் ஒட்டிச் செல்கின்றது. ஆதலால், பதுளையில் தொங்கவிடும் ஊசியும் ஏறத்தாழக் கிடையாகவே நிற்கும். இச்சிறு செய்தியைச் செவிநேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இதற்குப் பயனுண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் என்பவர் இரவும் பகலும் காந்த ஊசியை உற்றுநோக்கி வந்தார். சில நாள்களில் அது காரணமின்றி நடுநடுங்குவதைக் கண்டு, அதற்குக் காந்தப் புயல் என்று பெயரிட்டார். இப்புயல் ஓரூரில் மட்டும் அடிப்பதா, உலகெங்கும் அடிப்பதா என்பதே அடுத்து எழுந்த வினா. அதனைத் தீர்க்க வேண்டுமாயின் உலகின் பல திசைகளிலும் ஒரே காலத்தில் அளவெடுக்க வேண்டும். 1839ஆம் ஆண்டளவில் பிரித்தானிய அறிஞர்கள் இதற்கெனப் பெருமுயற்சி ஒன்றைத் தொடங்கினர். கிழக்கிந்தியக் கம்பெனியும் அதிற் சேர்ந்து, சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய இடங்களிற் காந்த அளவீட்டுக்கு வகை செய்தது. பம்பாயில் கொலாபா என்னும் முனையில் 1826ஆம் ஆண்டு நிறுவப்பெற்றிருந்த அவதான நிலையத்தில் 1841ஆம் ஆண்டு முதற் காந்த அளவுகள் பதியப்பட்டன.

கம்பெனியின் ஆட்சிக்கு வெளியே திருவிதாங்கூரிலும் இப்பணி நடைபெற்றது. இசையரசராகிய சுவாதித் திருநாள் மன்னர் 1837ஆம் ஆண்டிலே திருவனந்தபுரத்தில் ஓர் அவதான நிலையத்தை நிறுவினார். 1852ஆம் ஆண்டு அதன் பொறுப்பை ஏற்ற ஜோன் அலன் புறூண் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர், 1855ஆம் ஆண்டில் மற்றுமொரு நிலையத்தை அகத்தியர் மலையின் உச்சியில் அமைத்தார். தமிழ் முனிவர் வாழ்ந்ததாக நம்மவர் போற்றும் பொதிய மலையே அது. காட்டு யானைகளும் அட்டைகளும் மலிந்த அம்மலையில், ஆறாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், காந்த ஊசியைக் காவல் காத்து அளவெழுதிய உதவியாளர்களின் உழைப்பை எண்ணிப் பார்த்தல் தகும்.

அவ்வுழைப்பு வீண்போகவில்லை. புறூண் முன்னர் ஸ்கொத்லாந்தில் மேக்கர்ஸ்ரௌன் என்னுமிடத்திற் காந்த அளவெடுத்தவர். குளிர்நாட்டு அளவுகளையும் காந்த மத்திய கோட்டை அண்டிய திருவனந்தபுரத்து அளவுகளையும் ஒப்பு நோக்கியபோது இரண்டு உண்மைகள் அவருக்குப் புலப்பட்டன. காந்த விசையின் பெருமாற்றங்கள் ஓரூருக்கோ ஒரு நாட்டுக்கோ உரியன அல்ல. பூமி முழுவதற்கும் பொதுவானவை என்பது ஒன்று. அவை ஏறக்குறைய 26 நாள்களுக்கு ஒருமுறை மீண்டும் வருகின்றன என்பது மற்றையது. சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவருவது பூமியிலிருந்து பார்ப்போருக்கு ஏறத்தாழ 27 நாள் எனத் தோன்றும். சுழல்வது சூரியன், நடுங்குவது பூமியின் ஊசி. இவ்விரண்டுக்கும் தொடர்பு உண்டென்பதை உணர்த்திய தொடக்கச் சான்றுகளுள் ஒன்று திருவனந்தபுரத்திற் பதிந்த ஏடுகளிலிருந்து கிடைத்ததென்பது நமக்குப் பெருமை தருவதன்றோ?

இதே காலத்தில் வேறொரு சான்றும் கிடைத்தது. சூரியனின் முகத்திலே கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. அவை பெருகுவதும் அருகுவதும் ஒழுங்கான காலச் சுற்றாக அமைந்துள்ளன என்று ஷ்வாபே என்னும் ஜெர்மானியர் 1843ஆம் ஆண்டில் அறிவித்தார். அச்சுற்று ஏறத்தாழப் பதினோராண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. புள்ளிகள் பெருகும் ஆண்டுகளிற் காந்தப் புயல்களும் பெருகுகின்றன என்று எட்வர்ட் சபைன் 1852ஆம் ஆண்டிற் காட்டினார். எனினும், சூரியன் புயலை எழுப்புவதை நேரிற் கண்டவர் எவருமிலர்.

1859ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் முதலாம் நாள் அதுவும் நிகழ்ந்தது. இங்கிலாந்தில் றெட்ஹில் என்னும் ஊரில் றிச்சட் கரிங்ரன் என்ற வானியலார் தொலைநோக்கி வழியாகச் சூரியனின் உருவத்தைத் திரையில் வீழ்த்தி, கரும்புள்ளிகளை வரைந்துகொண்டிருந்தார். முற்பகல் 11 மணி 18 நிமிடமளவில் ஒரு பெரும் புள்ளிக் கூட்டத்தின் மேல் கண்ணைப் பறிக்கும் வெண்ணொளி இரண்டிடங்களிற் பளிச்சிட்டது. ஐந்து நிமிடங்களில் அது மறைந்தும் போயிற்று. றிச்சட் ஹொட்ஜ்சன் என்னும் மற்றொருவரும் அதனைத் தனியே கண்டார். அவ்வேளையில் கியூ நிலையத்துக் காந்த ஊசியும் மெல்ல அதிர்ந்திருந்தது.

இங்கிலாந்தில் முற்பகலாயிருந்த அந்நேரம் பதுளையில் மாலை ஐந்து மணிக்குச் சற்று முந்திய வேளை. அக்காலத்தில் ஊவாவில் தேயிலை இல்லை. கோப்பித் தோட்டங்களே மலைச்சரிவுகளை மூடியிருந்தன. மன்னார்க் கரையில் இறங்கி, வடக்கு வழியாகக் காடுகளையும் தாண்டி, மாத்தளை வரை கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர் அத்தோட்டங்களில் உழைத்தனர். கொழும்பையும் காலியையும் இணைத்த தந்திக் கம்பி 1858ஆம் ஆண்டிலேதான் பயன்பாட்டுக்கு வந்திருந்தது. அன்று மாலை வேலை முடித்து மலையிறங்கியோரின் முதுகிற் பட்ட வெயிலிலே, கரிங்ரன் கண்ட பேரொளியும் கலந்திருந்தது. எவரும் அதனை அறிந்திலர்.

பதினேழரை மணி நேரம் கழிந்தது. மறுநாட் காலையில் புயல் பூமியை அடைந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வானம் செந்நிறமாகத் தீப்பற்றியது போல் ஒளிர்ந்தது. வெப்ப வலயத்தை அண்டிய கியூபாவிலும் அவ்வொளி தென்பட்டது. தந்திக் கம்பிகளில் மின்னோட்டம் தானாகவே பாய்ந்தது. பொஸ்ரன், போட்லன்ட் நகரங்களின் தந்தி ஊழியர்கள் தத்தம் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வானம் ஊட்டிய மின்னாலேயே செய்தி பரிமாறிக்கொண்டனர்.

பம்பாயிலும் இலங்கையிலும் அப்போது பட்டப்பகல். வானில் ஒளி தோன்றினும் வெயிலில் அது மறைந்திருக்கும். ஆனால், கொலாபாவில் ஊசியின் முன் அமர்ந்திருந்தவர்கள் அதனைக் கண்டனர். வழக்கமாக மணிக்கு ஒருமுறை அளவெழுதும் அவர்கள், குழப்பம் தோன்றியதும் சில நிமிடங்களுக்கொருமுறை எழுதலாயினர். நண்பகலுக்குச் சற்று முன்னர் காந்தத்தின் கிடைவிசை திடீரெனச் சரிந்தது. இக்கால அளவையிற் கூறின் அது ஏறத்தாழ 1600 நனோ தெஸ்லா ஆகும். அதாவது அவ்விடத்து முழு விசையில் நூற்றுக்கு நான்கு பங்கு. பின்னர் அது விரைவாக மீளத் தொடங்கிற்று. கியூ நிலையத்தில் ஒளிப்படத் தாளிற் பதிந்த கோடோ தாளின் எல்லையையே கடந்து மறைந்துவிட்டது. கருவி கைவிட்ட வேளையிற் கண்ணும் கையும் காத்த பதிவு கொலாபாவினுடையது. நூற்று நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2003ஆம் ஆண்டில், புறூஸ் சுருதானி என்ற அமெரிக்க அறிஞரும் லக்கினா, அலெக்ஸ் முதலிய இந்திய அறிஞர்களும் அவ்வேட்டை மீளப் படித்தே, அப்புயலின் கடுமையை உலகுக்கு எடுத்துரைத்தனர்.

இத்துணைச் சான்றுகள் இருந்தும் அறிவுலகம் எளிதில் இணங்கவில்லை. மாமேதையாகிய கெல்வின் பிரபு 1892ஆம் ஆண்டில் ஒரு கணக்கிட்டுக் காட்டினார். எட்டு மணி நேரம் நீடித்த நடுத்தரமான காந்தப் புயலொன்றைச் சூரியனே எழுப்புவதாயின், நான்கு மாதங்களில் ஒளியாகவும் வெப்பமாகவும் அது வழங்கும் ஆற்றல் முழுவதையும் அதற்கே செலவிட வேண்டும் என்றார். ஆதலாற் சூரியனுக்கும் புயலுக்கும் தொடர்பில்லை என்று முடித்தார். கணக்கிற் பிழையில்லை, எடுகோளிலேதான் பிழை. விளக்கொளி போல எத்திசையும் பரவும் ஓர் அலையை அவர் எண்ணிக் கொண்டார். ஆனால், கிறீன்விச் நிலையத்து மோண்டர் என்பவர் 1904ஆம் ஆண்டில், புயல்கள் 27 நாளுக்கொருமுறை மீள்வதை ஆராய்ந்து, சூரியனிலிருந்து வருவது குழாயிலிருந்து பீறிடும் நீர்த்தாரை போன்ற ஒடுங்கிய ஓட்டமே என்று காட்டினார். அரை நூற்றாண்டுக்கு முன்னர் புறூண் கண்ட அதே கால இடைவெளி இவ்வாறு புதிய பொருள் பெற்றது. 1958ஆம் ஆண்டில் யூஜின் பாக்கர் சூரியக் காற்று என்ற கொள்கையை வகுத்தார். 1962ஆம் ஆண்டில் மரைனர் 2 விண்கலம் அக்காற்றை நேரில் அளந்து உறுதி செய்தது.

இன்று நாம் அறிவது இதுவே. சூரியனின் மேற்பரப்பிற் காந்த விசைக் கோடுகள் முறுக்கேறி அறுபடும்போது, கோடிக்கணக்கான தொன் எடையுள்ள மின்னேறிய துணிக்கைகள் பெருமுகிலாக வீசியெறியப்படும். சாதாரணமாக அம்முகில் பூமியை அடைய இரண்டு மூன்று நாள் செல்லும். 1859இல் எழுந்ததோ நொடிக்கு 2300 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்தது. பூமியின் காந்தம் ஒரு மதில் போல் நின்று அதனைத் தடுக்கும். ஆயினும், வரும் முகிலின் காந்தம் தெற்கு நோக்கியிருப்பின் மதிலின் கதவு திறந்துகொள்ளும். உட்புகும் ஆற்றலால் உந்தப்பட்ட துணிக்கைகள் பூமியின் மத்திய பகுதிக்கு மேலே, பல்லாயிரம் கிலோமீட்டர் உயரத்தில், ஒரு வளையம் போலச் சுற்றிவரும். அவ்வளையத்தில் மேற்கு நோக்கிப் பாயும் மின்னோட்டம் பூமியின் கிடைவிசைக்கு எதிரான காந்தத்தை உண்டாக்கும். பதுளையிலும் பம்பாயிலும் பூமியின் காந்தம் பெரும்பாலும் கிடையாகவே இருப்பதால், அவ்விழப்பு இங்கே மிகத் தெளிவாகப் புலப்படும். துருவ நாட்டார் வானொளியைக் கண்டு வியக்கலாம். புயலின் முழு எடையை நிறுக்க ஏற்ற தராசு நம் பக்கத்து நாடுகளிலேயே உள்ளது.

மேலும் ஒரு வியப்பு நம் தலைக்கு மேலே இருக்கின்றது. காந்த மத்திய கோட்டின் இருபுறமும், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் வேளையில் கிழக்கு நோக்கி ஒரு மின்னாறு பாய்கின்றது. 1951ஆம் ஆண்டில் சிட்னி சப்மன் அதற்கு மத்திய கோட்டு மின்தாரை எனப் பெயரிட்டார். இதனை ஆராயும் பொருட்டே திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963 நவெம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதலாவது ஆய்வு ரொக்கெற்று ஏவப்பட்டது.

வானொலி நேயர்களுக்கு இப்புயல் முற்றும் அந்நியமானதன்று. இலங்கையில் 1925ஆம் ஆண்டு டிசெம்பரில் வானொலி ஒலிபரப்புத் தொடங்கிற்று. பின்னாளில் தோட்டத்து லயங்களிலே மாலை வேளையில் ஒரு பெட்டியைச் சுற்றிப் பலர் கூடிச் செய்தியும் பாட்டும் கேட்டனர். மலைகளைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும் சிற்றலை, வானின் அயன மண்டலத்திற் பட்டுத் தெறித்தே திரும்பி வருகின்றது. சூரியனிற் பேரொளி வெடிப்பின், எட்டு நிமிடத்தில் அதன் ஊடுகதிர்கள் வந்து, பகற்புறத்து அயன மண்டலத்தின் கீழடுக்கைத் தடிப்பாக்கி, சிற்றலையை விழுங்கிவிடும். ஓரிரு நாள் கழித்துக் காந்தப் புயல் வந்தால் மேலடுக்கும் குலைந்து, நேற்றுவரை கேட்ட நிலையம் இன்று கேளாது போகும். பெட்டி பழுதாயிற்றென்று தட்டிப் பார்த்தோரும், பற்றறியை மாற்றியோரும் எத்தனை பேரோ! சில வேளைகளில் பழுது பெட்டியில் இல்லை; சூரியனில் இருந்தது.

இன்றைய உலகில் இதனால் விளையும் கேடு பாட்டு நின்றுபோவதோடு முடிவதில்லை. 1989ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் எழுந்த புயல், கனடாவின் கியூபெக் மாகாணத்து மின் வலையமைப்பைத் தொண்ணூற்றிரண்டு நொடிகளில் வீழ்த்தியது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தனர். 2022 பெப்ரவரியில் சாதாரணமான ஒரு புயலே மேல்வளியைச் சூடேற்றித் தடிப்பாக்க, புதிதாக ஏவப்பட்ட ஏறத்தாழ நாற்பது செய்மதிகள் வீழ்ந்தன. 2024 மே 10, 11ஆம் நாள்களில் எழுந்த புயலின்போது லடாக்கிலுள்ள ஹான்லே அவதான நிலையத்து வானம் செந்நிறமாக ஒளிர்ந்தது. நம் போன்ற நாடுகளுக்குத் துருவ நாடுகளிலும் ஆபத்துக் குறைவு. ஆயினும் அறவே இல்லை என்று கூறவியலாது. மின்தாரையின் கீழுள்ள நிலங்களிற் பகல் வேளைகளில் ஊசி வழமையிலும் மிகுதியாகவே துள்ளும். கப்பலும் விமானமும் வழியறிவதற்குச் செய்மதியை நம்பியிருக்கும் இக்காலத்தில், சூரியனைக் கண்காணித்தல் நமக்கும் கடனாயிற்று. 2023 செப்ரெம்பர் 2ஆம் நாள் இந்தியா ஏவிய ஆதித்யா எல் 1 விண்கலம், பூமிக்குப் பதினைந்து இலட்சம் கிலோமீட்டர் முன்னே நின்று அப்பணியைச் செய்கின்றது. கொலாபாவின் ஊசி சரிந்ததும் ஒரு செப்ரெம்பர் 2ஆம் நாளிலேயே என்பது தற்செயலான பொருத்தம்.

கொலாபாவின் கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய் நகரில் மின்சார ட்ராம் வண்டிகளை ஓட்ட ஏற்பாடு நடந்தது. தண்டவாளங்களிற் பாயும் மின்னோட்டம் காந்த ஊசியைக் கலைத்துவிடும். நிலையத்தின் முதலாவது இந்திய இயக்குநரான நானாபாய் பிராம்ஜி மூஸ், நகரத்தின் முன்னேற்றத்தைத் தடுக்கவுமில்லை. ஏட்டின் தொடர்ச்சியை அறுபடவிடவுமில்லை. முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் அலிபாக் என்னும் கடற்கரை ஊரில், காந்தப் பண்பற்ற கல்லால் புதிய நிலையம் கட்டுவித்தார். 1904ஆம் ஆண்டு முதல் ஈராண்டுக்கு மேல் இரண்டிடங்களிலும் ஒரே வேளையில் அளவெடுக்கச் செய்து, பழைய கணக்கும் புதிய கணக்கும் பொருந்துமாறு இணைத்தார். அதனாலேயே 1841இல் தொடங்கிய அவ்வரிசை இன்றுவரை அறுபடாது நீள்கின்றது.

இவ்வரலாற்றிற் கரிங்ரன் பெயரை உலகறியும். புறூணையும் மூஸையும் அறிஞர் சிலர் அறிவர். ஆனால், 1859 செப்ரெம்பர் 2ஆம் நாள் நண்பகல் வெக்கையில், என்ன நேர்கின்றதென்று தமக்கே விளங்காத நிலையிலும், ஊசியை விட்டுக் கண்ணை எடுக்காது எண்களை எழுதிய உதவியாளர்களை யாரும் எண்ணுவதில்லை. அவர்கள் விளக்கம் கூறவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். விளக்கம் பின்னே வந்த தலைமுறைகளுக்குக் கிட்டியது. பதுளை மலைகளிலே ஒரு சிறு பாடசாலையில் நாடோறும் மழைமானியைப் பார்த்து அளவெழுதும் மாணவனும் இதே தொழிலைத்தான் செய்கின்றான். ஒரு நாளேனும் தவறாது, ஓர் எண்ணையேனும் திரிக்காது அவன் எழுதிவருவானாயின், அவ்வேட்டினால் நூறாண்டு கழித்து எவருக்கு என்ன பயன் விளையுமென்று இன்று யாரும் கூறிவிட முடியாது.